பெயர்ப்பலகை இல்லாத மரம்



மின்னியல் பாடத்தைத் தொடங்கும்போது பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பற்றிச் சொல்லாத இயற்பியல் ஆசிரியர் இல்லை. மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டியவர் அவர். இடிதாங்கியைத் தந்தவர் அவர். மின்னூட்டத்திற்கு நேர், எதிர் என்னும் பெயர்களை வழங்கியவரும் அவரே. இவ்வளவும் உங்கள் பாடநூலில் இருக்கும். ஆனால் அவருடைய பெயரைத் தாங்கி ஒரு மரம் நிற்கிறது என்பது பாடநூலில் இராது. பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த எனக்கும் அது தெரியாமலே இருந்தது.

அந்த மரத்தின் பெயர் ஃபிராங்க்ளினியா. நம் நீலகிரியில் விளையும் தேயிலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடையின் இறுதியில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை மலர்கள் பூக்கும். நடுவே மஞ்சள் நிற மகரந்தக் கேசரங்கள் கொத்தாக இருக்கும். இலையுதிர் காலத்தில் இலைகள் செந்நிறம் கொள்ளும். அழகான மரம். ஆனால் உலகின் எந்தக் காட்டிலும் இன்று இம்மரம் தானாக வளர்ந்து நிற்கக் காண முடியாது. கடைசியாக அதைக் காட்டில் கண்டது 1803ஆம் ஆண்டில். இன்று உயிரோடிருக்கும் ஃபிராங்க்ளினியா மரங்கள் எல்லாம் ஒரே ஒரு தோட்டத்தின் வழித்தோன்றல்கள்.

காட்டில் அழிந்த ஒன்றைத் தோட்டம் காத்தது. அந்தத் தோட்டத்தை யார் காத்தார்கள்? இக்கேள்விக்கு விடை தேடியபோது எனக்கு ஓர் எண்ணம் உறுதியாயிற்று. ஒரு பொதுப் பூங்காவில் உள்ள தாவரச் செல்வத்தைக் காப்பது அரசுத் துறையின் வேலை மட்டும் அன்று. ஊதியம் பெறாத பொதுமக்களின் தொண்டர் குழுக்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அத்தொண்டுக்கு ஆர்வம் மட்டும் போதாது. முறை வேண்டும். முறையற்ற ஆர்வம் என்ன செய்யும் என்பதற்கு என் சொந்தத் தவறு ஒன்றையே பின்னால் சொல்லப்போகிறேன்.

ஓர் உழவர், ஒரு துணி வணிகர், ஓர் அச்சுத் தொழிலாளி

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஸ்கூல்கில் என்னும் ஆற்றின் கரையில் 1728ஆம் ஆண்டில் ஜான் பார்ட்ரம் என்னும் உழவர் ஒரு பண்ணையை வாங்கினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் செடிகொடிகளின்மீது தணியாத ஆவல் கொண்டவர். அறுவடை முடிந்ததும் குதிரையேறிக் காடுமேடெல்லாம் அலைந்து, விதைகளையும் வேர்களையும் கொண்டுவந்து தம் தோட்டத்தில் வளர்த்தார்.

இலண்டனில் பீட்டர் காலின்சன் என்னும் துணி வணிகர் இருந்தார். அவரும் தாவர ஆர்வலர். பார்ட்ரம் பெட்டி பெட்டியாக விதைகளைக் கப்பலில் அனுப்புவார். ஒரு பெட்டியில் ஏறத்தாழ நூறு வகை விதைகள் இருக்கும். அவற்றைக் காலின்சன் இங்கிலாந்தின் தோட்டங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார்.

இங்கேதான் இயற்பியல் ஆசிரியனாகிய நான் வியந்து நின்றேன். இதே காலின்சன்தான், மின்சோதனை செய்வதற்கான கண்ணாடிக் குழாயை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி ஃபிராங்க்ளினின் ஆர்வத்தைத் தூண்டியவர். ஃபிராங்க்ளின் தம் மின்னாய்வு முடிவுகளைக் கடிதங்களாக எழுதி அனுப்பியதும் இவருக்கே. ஃபிராங்க்ளினோ அச்சுத் தொழிலில் வாழ்க்கையைத் தொடங்கியவர். 1743இல் அவரும் பார்ட்ரமும் வேறு சிலரும் சேர்ந்து அமெரிக்கத் தத்துவக் கழகத்தைத் தோற்றுவித்தனர். உழவர், துணி வணிகர், அச்சுத் தொழிலாளி: இம்மூவரில் ஒருவராவது பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்தில் ஊதியம் பெறுவோரின் தனிச்சொத்து என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1765ஆம் ஆண்டு அக்டோபரில் ஜான் பார்ட்ரமும் அவர் மகன் வில்லியமும் ஜார்ஜியாவில் ஆல்டமகா ஆற்றங்கரையில் சென்றபோது, இதற்குமுன் கண்டிராத ஒரு மரத்தைக் கண்டனர். பின்னர் 1773இல் தொடங்கிய நீண்ட பயணத்தில் வில்லியம் மறுபடியும் அவ்விடத்திற்குச் சென்று விதைகளைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் ஊன்றிய அவ்விதைகள் வளர்ந்து 1781இல் பூத்தன. தந்தையின் நண்பர் நினைவாக ஃபிராங்க்ளினியா என்னும் பெயர் 1785இல் அச்சேறியது. அதற்குப்பின் 18 ஆண்டுகளில் காட்டிலிருந்த மரம் கண்ணிலிருந்து மறைந்தது. வில்லியம் விதை எடுக்காமல் திரும்பியிருந்தால் இன்று நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு படமும் நான்கு வரிக் குறிப்புமே.

தோட்டத்துக்கு வந்த ஆபத்து

விதையைக் கொண்டுவந்து நட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடுமா? இல்லை. தோட்டக்காரர் மாண்டாலும் தோட்டம் வாழ வேண்டுமே!

பார்ட்ரமின் பேத்தியும் அவர் கணவரும் தோட்டத்தை நடத்திவந்தனர். பண நெருக்கடியால் 1850இல் அதை விற்க நேர்ந்தது. வாங்கியவர் ஆண்ட்ரூ ஈஸ்ட்விக் என்னும் செல்வர். உருசிய நாட்டுக்கு இரயில் எஞ்சின்கள் கட்டித் தந்து பொருள் ஈட்டியவர். நல்லவேளையாக அவர் மரங்களை வெட்டாமல் காத்தார். 1879இல் அவர் இறந்தபின் மீண்டும் ஆபத்து. நகரம் வளர்ந்துகொண்டிருந்தது, ஆற்றங்கரை நிலத்துக்குத் தொழிற்சாலைகள் போட்டியிட்டன.

அப்போது முன்வந்தவர் தாமஸ் மீஹன். இளமையில் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் பயிற்சி பெற்றவர். பின்பு இதே பார்ட்ரம் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அத்தோட்டத்து மரங்களை ஆதாரமாகக் கொண்டு 1853இல் ஒரு நூலும் எழுதியிருந்தார். 1882இல் அவர் நகர மன்ற உறுப்பினரானார். நகருக்குள் சிறு பூங்காக்கள் வேண்டும், அவற்றுள் இத்தோட்டமும் ஒன்றாக வேண்டும் என்று இடைவிடாமல் வாதாடினார். 1891இல் தோட்டம் நகரின் உடைமையாயிற்று. 1893இல் பார்ட்ரமின் வழிவந்தவர்கள் கூடி ஜான் பார்ட்ரம் சங்கத்தை அமைத்தனர். நிலம் நகருடையது, அதைப் பேணுவதில் நகரோடு சேர்ந்து சங்கம் உழைக்கிறது. இந்த ஏற்பாடு நூறாண்டுக்கும் மேலாக நீடித்துவருகிறது.

மீஹனின் வாதம் எடுபட்டதற்கு ஒரு காரணம், எந்த மரம் எது என்பதை அவர் அறிந்திருந்ததும் எழுதிவைத்திருந்ததும் என்பது என் கருத்து. ‘பழைய மரங்கள் நிறைய இருக்கின்றன, காப்பாற்றுங்கள்’ என்பது வேண்டுகோள். ‘இன்ன மரம் இன்ன ஆண்டில் இன்ன காட்டிலிருந்து வந்தது, இதை இழந்தால் வேறெங்கும் கிடையாது’ என்பது சான்று. நகர மன்றங்கள் வேண்டுகோளை மறந்துவிடும். சான்றை மறுப்பது கடினம்.

ஓர் எளிய கணக்கு

1998ஆம் ஆண்டில் பார்ட்ரம் தோட்டத்தார் ஒரு புதுமையான வேலையில் இறங்கினர். ஃபிராங்க்ளினியா மரம் வளர்ப்போர் யாராயினும் எங்களுக்கு எழுதுங்கள் என்று பொதுமக்களை வேண்டினர். வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர், பூங்காக் காவலர், கல்லூரியார் எனப் பலரும் எழுதினர். கணக்கில் வந்த மரங்கள் 2000க்கும் மேல்.

இத்தகைய கணக்கெடுப்பால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நிகழ்தகவு படித்தவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அரிய செடி ஒரே ஒரு பூங்காவில் இருக்கிறது. ஓராண்டில் அது அழிவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது ஓராண்டு பிழைக்கும் வாய்ப்பு 0.9. பத்தாண்டு பிழைக்கும் வாய்ப்பு 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது. அதாவது ஏறத்தாழ 0.35. நூற்றுக்கு 35 தான்! அதே செடி மூன்று பூங்காக்களில் இருக்கட்டும். ஒன்றில் அழிந்தால் அந்த ஆண்டுக்குள்ளேயே மற்றொன்றிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டுவிடுவதாகவும் கொள்வோம். மூன்றிலும் ஒரே ஆண்டில் அழியும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பத்தாண்டுக்குப் பின்னும் இனம் பிழைத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 99.

இக்கணக்கில் மறைந்திருக்கும் நிபந்தனைகளைக் கவனியுங்கள். முதலாவது, மூன்று பூங்காக்களும் ஒரே ஆபத்துக்கு உட்படக்கூடாது. 1987ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓர் இரவில் அடித்த புயலில் கியூ பூங்கா ஏறத்தாழ 700 மரங்களை இழந்தது. மூன்று மரங்களையும் கியூவிலேயே நட்டிருந்தால் அவை மூன்றல்ல, ஒன்றே. இரண்டாவது, மற்ற இரண்டு மரங்கள் எங்கே இருக்கின்றன என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத மரத்திலிருந்து கன்று எடுக்க முடியாது. பொதுமக்கள் எழுதிய கடிதங்களின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, எல்லா மரங்களும் ஒரே பிறப்பாக இருந்தால் ஒரே நோய் எல்லாவற்றையும் தாக்கும். ஃபிராங்க்ளினியா மரங்கள் சிலவே ஆன விதைகளிலிருந்து வந்தவை. வேரழுகல் நோய் அவற்றை எளிதில் பற்றுகிறது. ஆகவே எந்த மரம் எங்கிருந்து வந்தது, விதையிலிருந்து வளர்ந்ததா, கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்ததா என்னும் வரலாறு வேண்டும். இந்த வரலாற்றைச் சுமப்பது எது? ஒரு சிறு தகடும், அதற்கு ஒத்த பதிவேட்டு வரியும்தான்.

என் தவறு

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் எங்கள் கல்லூரியில் மாணவர் தொண்டர் குழு ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தினேன். வளாகத்து மரங்களுக்குப் பெயர் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். ஒரு விடுமுறை நாளில் இருபது மாணவர்கள், தகரத் தகடுகள், வண்ணம், சுத்தியல், ஆணி! மாலைக்குள் வேலை முடிந்தது. நூலகத்துக்கு எதிரே வரிசையாக நெட்டுயர்ந்து நின்ற மரங்களுக்கெல்லாம் ‘அசோகம்’ என்று எழுதி அடித்தோம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். தாவரவியல் துறை அடுத்த கட்டடத்தில் இருந்தது. போய்க் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோட்டக்காரப் பெரியவர் சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் கேட்கவில்லை.

மறு ஆண்டு கிணற்றடியில் மோட்டார் அறை கட்ட வேண்டியிருந்தது. வெட்டக்கூடாத மரங்கள் எவை என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் பட்டியலைப் பெருமையோடு கொடுத்தேன். பட்டியலில் இல்லாத ஒரு மரம் கிணற்றடியில் நின்றது. பெயர்ப்பலகை இல்லாத மரம். வெட்டினார்கள்.

ஊருக்குப் போயிருந்த பெரியவர் திரும்பி வந்து அடிமரத்தைப் பார்த்தார். என்னிடம் வந்து சொன்னார்: “சார், நம்ம காலேஜுல அசோகம்னு இருந்தது அது ஒண்ணுதான். நீங்க தகடு அடிச்சது நெட்டிலிங்கம்.”

அவர் சொன்னது சரி. நெட்டிலிங்கத்தை அசோகம் என்று அழைப்பது நம் நாட்டில் பரவலான பிழை. உண்மையான அசோகம், தாவரவியலார் சராக்கா அசோகா என்பது, ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதன் பட்டைக்கு மருந்துச் சந்தையில் தேவை அதிகம். காட்டில் அருகிவரும் மரமாக அது உலகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. பட்டியலில் ‘அசோகம்’ பன்னிரண்டு இருந்ததால் அசோகம் பத்திரமாக இருக்கிறது என்று எல்லாரும் நம்பினோம். இருந்த ஒன்று போயிற்று.

அளவெடுத்துவிட்டு அலகை எழுத மறந்த மாணவனுக்கு மதிப்பெண் இல்லை என்று நான் கண்டிப்பாக இருப்பவன். அலகைத் தவறாக எழுதினால் அதைவிடக் கேடு. அன்று நான் செய்தது அதுதான். பெயர் இல்லாத மரத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். தவறான பெயர் தாங்கிய மரத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

முறையோடு செய்யும் தொண்டு

ஆகவே தொண்டர்கள் பூங்காவுக்குள் நுழைந்தால் கெடுதல்தான் என்று சொல்வோர் உண்டு. என் கதையைக் கேட்டபின் நீங்களும் அப்படி நினைக்கலாம். நான் உடன்படமாட்டேன். தவறு தொண்டில் இல்லை. கேட்காமல் செய்ததில் இருந்தது. பெரியவரையும் தாவரவியல் ஆசிரியரையும் அன்று எங்களோடு அழைத்துச் சென்றிருந்தால் அந்த இருபது மாணவர்களே அசோகத்தைக் காத்திருப்பார்கள்.

வேறொரு மறுப்பும் உண்டு. ‘ஊதியமில்லாமல் ஆட்கள் கிடைத்துவிட்டால் தோட்டக்காரர்களைக் குறைத்துவிடுவார்களே?’ இது நியாயமான அச்சம். நாள்தோறும் நீர் பாய்ச்சுவதும், நோயைக் கண்டறிவதும், கிளை கழிப்பதும் பயின்றவர்கள் செய்யும் தொழில். ஞாயிற்றுக்கிழமைத் தொண்டரால் அது ஆகாது. தொண்டர் குழு தோட்டக்காரருக்கு மாற்று அன்று. அவருடைய கண்களையும் கைகளையும் பெருக்குவது. தோட்டக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அமைக்கும் தொண்டர் குழுவில் நான் சேரமாட்டேன். நீங்களும் சேராதீர்கள்.

முறை என்று சொன்னேனே, அது கடினமானதன்று. சிலவற்றைச் சொல்கிறேன்.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். இறுகக் கம்பி கட்டவும் வேண்டா. மரம் ஆண்டுதோறும் பருக்கிறது, கம்பி பருப்பதில்லை. இலையில் உண்டான உணவு பட்டையின் உட்பகுதி வழியாகவே வேருக்கு இறங்குகிறது. கம்பி அந்த வழியை நெரித்துவிடும். தகட்டைத் தரையில் ஊன்றிய சிறு கம்பத்தில் பொருத்துவது நல்லது. (ஒரு கேள்வி: ஒரு மீட்டர் உயரத்தில் அடித்த ஆணி, மரம் இரண்டு மடங்கு உயர்ந்தபின் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? அதே ஒரு மீட்டரில்தான்! மரம் நுனியில் உயர்கிறது. அடியில் பருக்க மட்டுமே செய்கிறது.)

அளவெடுங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 1.37 மீட்டர் உயரத்தில் ஒரு நாடாவால் அடிமரத்தின் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே உயரத்தில் அளக்க வேண்டும். ஓர் அளவு ஒன்றும் சொல்லாது. பத்து அளவுகள் மரம் நலமாக இருக்கிறதா, வளர்ச்சி நின்றுவிட்டதா என்று சொல்லிவிடும்.

முதல் பூ என்று மலர்ந்தது, காய் என்று முற்றியது என எழுதுங்கள். விதை சேகரிக்க வேண்டிய நாள் அதிலிருந்துதான் தெரியும். ஃபிராங்க்ளினியாவின் காய் முற்ற ஓராண்டுக்கும் மேலாகும். குறிப்பு வைத்திராதவர் பச்சைக் காயைப் பறித்துவிட்டு விதை முளைக்கவில்லை என்பார்.

மரத்தடியில் கூட்டமாக நின்று மிதிக்காதீர்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படிக்கிறீர்கள். ஆயிரம் கால்கள் மிதித்த மண்ணில் காற்றுக்கும் நீருக்கும் இடமிராது. 1987 புயலில் கியூவிலிருந்த ஒரு பழைய கருவாலி மரத்தை, வேரும் மண்ணுமாகத் தூக்கி மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டது காற்று. பட்டுப்போகும் என்று எண்ணிய அம்மரம் முன்னைவிடச் செழித்தது. இறுகிய மண் தளர்ந்ததே காரணம். அதன்பின் மற்ற மரங்களின் வேர்ப்பகுதி மண்ணையும் அங்கே தளர்த்தத் தொடங்கினர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவேட்டை இரண்டு படிகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குழுவிடம், ஒன்று அலுவலகத்தில். ஐயமுள்ள பெயருக்கு எதிரே ‘ஐயம்’ என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் இல்லை.

நீங்கள் எங்கே தொடங்கலாம்?

மரம் நடுவிழாக்கள் நடக்கின்றன. நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நட்ட படத்தோடு நின்றுவிடும் நூறு கன்றுகளைவிட, இருபது ஆண்டுகளாகப் பெயரும் அளவும் எழுதப்பட்ட ஒரு மரத்தை நான் பெரிதாக மதிப்பேன்.

உங்கள் பள்ளியிலோ ஊர்ப் பூங்காவிலோ ஏற்கெனவே நிற்கும் மரங்களிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பேர் போதும். முதல் நாள் தகடும் வண்ணமும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு குறிப்பேடு மட்டும் எடுத்துப் போங்கள். தோட்டக்காரரிடம் போய், “ஐயா, இதன் பெயர் என்ன? யார் நட்டது? இதுபோல் இன்னொன்று இங்கே இருக்கிறதா?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை எழுதி உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். இருவரும் ஒப்பினால் மட்டுமே தகட்டில் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நீங்கள் பள்ளியை விட்டுப் போய்விடுவீர்கள். போகும்போது குறிப்பேட்டை அடுத்த வகுப்பு மாணவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எங்கள் கல்லூரியில் இப்போது கிணற்றடிக்கு அப்பால் இரண்டு அசோகக் கன்றுகள் நிற்கின்றன. வெவ்வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்தவை. எங்கிருந்து வந்தவை என்பது பதிவேட்டில் இருக்கிறது. அவற்றின் பெயரை எழுதும்முன் மூன்று பேரைக் கேட்டேன். முதலில் கேட்டது பணி ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரை.